யாழ்ப்பாணத்தில் கணினி பூட்டிய வரலாறு

தமக்கென ஒரு மேசைக் கணினியை முதன்முதலாகப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்ள முனைகிற ஒருவர் எந்தப் பாகத்தை முதலிலே தெரிந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, பெரும்பாலான ஊர்களிலே, புறொசெசரை என்றோ அது அமர்கின்ற மதர்போட்டை என்றோதான் விடை கிடைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இத்தொழிலில் முதிர்ந்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டால், புறொசெசரைப் பற்றி வாய்திறக்கு முன்னரே, வீட்டுக்கு மின்சாரம் எப்படி வருகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது, நின்றபின் எதைக்கொண்டு ஓட்டப்போகிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். இவ்வரிசை அவர்களுடைய தனிச் சுபாவத்தினால் உண்டானதன்று. இறக்குமதிக் கட்டுப்பாடும் யுத்தமும் பொருளாதாரத் தடையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, உள்ளதைக்கொண்டு இல்லாததை ஈடுசெய்யும் வித்தையைக் குடாநாட்டுக்குப் புகட்டிய நீண்டகாலப் பயிற்சியின் பயனே அது. யுத்தத்தைப் பற்றிய நூல்கள் எத்தனையோ வெளிவந்திருக்கவும், அக்காலத்திலே ஸ்குறூ டிறைவரும் சோல்டரிங் அயனும் பிடித்த கைகளைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பமாக இருத்தலின், அப்பயிற்சியின் சரித்திரத்தை ஒருவாறேனும் எழுதிவைத்தல் அவசியமென்று கருதுகிறேன்.

கணினிக்குப் பாகங்களைப் பொருத்தம் பார்த்து வாங்குதல் என்னும் வழக்கம் பரவலானது 1981ஆம் ஆண்டுக்குப் பின்னரே. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட தனியாள் கணினி, இன்ரெல் கம்பெனியின் 8088 என்னும் புறொசெசரையும் பிறர் செய்த வேறு பல உறுப்புகளையும் கொண்டு அமைக்கப்பட்டது. அதன் உள்ளமைப்பு விவரங்களையும் கம்பெனியாரே அச்சிட்டு வெளியிட்டமையால், அதனோடு பொருந்தும் அட்டைகளைச் செய்து விற்கப் பலர் முன்வந்தனர். சிறிது காலத்துள் கொம்பாக் முதலிய கம்பெனிகள் அதற்கு ஒத்த முழுக் கணினியையே செய்து சந்தைக்கு அனுப்பின. ஒரே கம்பெனியின் முத்திரை தாங்கிய யந்திரமாயிருந்த கணினி, பல தேசத்துப் பாகங்கள் ஒரு பெட்டிக்குள்ளே கூடி ஒத்துவாழவேண்டிய யந்திரமாக மாறியது அவ்வாறுதான். யாழ்ப்பாணத்தவருக்கோ 1981 வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாத ஆண்டு. ஐ.பி.எம். அறிவிப்புக்கு ஏறத்தாழப் பத்து வாரங்களுக்கு முன்னர், யூன் மாதத் தொடக்கத்திலே, 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிலே காத்துவைக்கும் ‘நூலகம்’ என்ற திட்டம் 2005இல் பிறந்தபோது, அது நம்பி நின்ற சாதனம் கணினியே என்பதை எண்ணும்போது, ஒரே ஆண்டில் நிகழ்ந்த அவ்விரு சம்பவங்களையும் சேர்த்தே நினைக்கும்படி மனம் ஏவுகிறது.

எனினும், ஒன்றற்காகச் செய்யப்படாத பாகத்தை அதனோடு இசையவைக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தவருக்குக் கணினியோடு வந்ததன்று. சுண்டிக்குளியிலே 1886இல் பிறந்து, 1907இல் மலாயாவுக்குக் கப்பலேறிச் சிங்கப்பூரிலே ஐரோப்பியக் கம்பெனியொன்றில் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா அவர்கள், தமிழுக்கு ஒரு தட்டச்சு யந்திரத்தை ஆக்கிய வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளுக்கென வகுக்கப்பட்ட ஐம்பதுக்கும் குறைந்த விசைகளையுடைய சட்டகத்திலே, 247 எழுத்துகளையுடைய தமிழை எங்ஙனம் அமைப்பது என்பதே அவர் முன்னின்ற பிரச்சினை. சட்டகத்தைப் புதிதாக வார்க்கும் வசதி அவருக்கில்லை. ஆகையால் எழுத்துகளை உறுப்புறுப்பாகப் பகுத்து, புள்ளியையும் சில உயிர்க்குறிகளையும் நகரா விசைகளாக வைத்து, அவற்றை அழுத்தும்போது தாள் நகராமல் நிற்கவும் அடுத்து அழுத்தப்படும் மெய்யோடு அவை சேரவும் வழிசெய்தார். ஜெர்மனியிலே வார்க்கப்பட்ட ‘பிஜோ’ யந்திரத்தின் மூலம் அவ்வமைப்பு தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் பரவிக் கச்சேரிகளிலும் காரியாலயங்களிலும் பல்லாண்டு நிலைத்தது. மாற்றமுடியாத உறுப்பு எது, இணங்கக்கூடிய உறுப்பு எது என்பதை முதலிலே நிச்சயித்துக்கொண்டு, பிந்தியதை முந்தியதற்கேற்ப வகுத்துக்கொள்வது முத்தையா அவர்களின் முறை. யாழ்ப்பாணத்துக் கணினிப் பட்டறைகளில் இன்றும் கைக்கொள்ளப்படும் முறையும் இதுவே என்பது என் துணிபு.

அம்முறை ஊர்ப் பட்டறைகளிலே வேரூன்றியதற்கு மோட்டார் வண்டிகளே காரணமாயிருந்தன. ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் கொழும்பிலே அருகியபின்னும் யாழ்ப்பாண வீதிகளில் நெடுங்காலம் ஓடின. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட குடாநாட்டுக் கமக்காரர் கையிலே காசு புழங்கிற்று. ஆனால் அக்காசைக் கொண்டு வாங்குதற்கு உதிரிப்பாகம் இருக்கவில்லை. ஆகவே ஒரு வண்டியின் உறுப்பைக் கடைந்தும் அராவியும் இன்னொரு வண்டிக்குப் பூட்டும் கராச்சுகள் பெருகின; எந்த உறுப்பு எதற்கு ஒத்துவரும் என்பதை ஏட்டிலன்றிக் கையிலே வைத்திருந்த மெக்கானிக்குகள் ஒரு தலைமுறையாக உருவாயினர்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே யுத்தம் மீண்டும் மூண்டபின், தெற்கிலிருந்து குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோல், டீசல், மின்கலம், சிமெந்து, உரம் முதலிய பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அத்தடையின் நடுவிலே பழைய மெக்கானிக்குகளின் வித்தை ஊர்முழுவதற்கும் உரியதாயிற்று. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடும் வழக்கத்தை அக்காலத்தவர் அறியாதார் இல்லை. குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டும். தவிர, அமுக்கவிகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று அளவில் இருந்த பழைய ஆங்கிலேய எஞ்சின்கள் தரங்குறைந்த எரிபொருளைப் பொறுத்துக்கொண்டதைப்போல் அமுக்கம் மிகுந்த புதிய எஞ்சின்கள் பொறுக்கவில்லை. பழைமை ஒரு குறையாகாமல் ஒரு தகுதியாக மாறிய அந்த அனுபவம், பின்னாளிலே கணினிப் பாகங்களைத் தெரிந்தெடுக்கும்போது, புதியதெல்லாம் மேலானதென்ற மயக்கத்துக்கு யாழ்ப்பாணத்தவர் எளிதில் ஆட்படாமைக்கு ஒரு காரணமென்று நினைக்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தை வானொலிக்கு ஊட்டி, தமிழோசை, வெரித்தாஸ் ஆகிய வானொலிச் சேவைகளைக் கேட்ட வீடுகள் எத்தனையோ. டைனமோ தருவது மாறுதிசை மின்சாரம், வானொலி கேட்பது நேர்மின்சாரம். இரண்டுக்கும் நடுவே டயோட்டும் கொள்ளளவியும் வைக்கவேண்டும் என்ற பாடத்தைப் பள்ளிக்கூடத்துப் பெளதிகப் புத்தகத்துக்கு முன்னரே சிறுவர்கள் முற்றத்திலே கற்றுக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டதும் அந்த இருண்ட தொண்ணூறுகளிலேதான். கணினியை இயக்கும் நேரத்தை எரிபொருளின் அளவே நிர்ணயித்த ஓர் ஊரிலே அத்துறையை வளர்த்த ஆசிரியர்களின் மனத்திட்பத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் முழுவதும் யுத்தத்தினால் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு சனங்கள் திரும்பிவந்தபின், ஜெனரேற்றர்களின் துணையால் மட்டுப்படுத்தப்பட்ட மின்சாரம் மீண்டது. கப்பல் வழியாக வந்த சாமான்களோடு கணினிகளும் கொஞ்சங் கொஞ்சமாக வந்தன. அக்காலத்துப் பெட்டிகளிலே மின்சாரத்தை மதர்போட்டுக்கு ஊட்டுவதற்கு ஒரே வடிவமுள்ள இரண்டு செருகிகள் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டையும் இடம்மாற்றிச் செருகினாலும் அவை அமர்ந்துவிடும். சுவிச்சைப் போட்ட கணத்தில் போட் எரிந்துவிடும். கறுப்புக் கம்பிகள் நடுவிலே சந்திக்க வேண்டும் என்பதே அதற்குரிய சூத்திரம். ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பிலே சிரமமின்றி நுழைகிறது என்பதால் மாத்திரம் அது அதற்குரியதென்று கொள்ளலாகாது என்ற முதற்பாடத்தை அச்செருகிகள் போதித்தன. இன்ரெல் கம்பெனி 1995இல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். முறையிலே, தவறாகச் செருகமுடியாதபடி ஒரே செருகி வந்தமையால் அந்த ஆபத்து நீங்கிற்று.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அவ்வாண்டு ஏப்ரலிலே ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும், இத்தொழிலின் பொற்காலம் தொடங்கிற்று. கொழும்பிலே பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் வாங்கிய பாகங்கள் ஓமந்தை, முகமாலை ஆகிய சோதனைச் சாவடிகளில் இறக்கிச் சோதிக்கப்பட்டு, மீண்டும் ஏற்றப்பட்டு, நானூறு கிலோமீற்றர் கடந்து யாழ்ப்பாணம் வந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஒரு பாகம் பொருந்தாவிட்டால் திருப்பியனுப்பி மாற்றுவது இலேசான காரியமன்று. ஆகையால் வாங்குமுன்னரே பொருத்தம் பார்க்கும் அறிவுக்கு இங்கே கொழும்பிலும் பார்க்க அதிக மதிப்பு உண்டாயிற்று. அந்த ஆண்டுகளோ பொருத்தம் பார்ப்பதற்கு மிகச் சிக்கலான ஆண்டுகள். தொண்ணூறுகளின் நடுவிலே ‘சொக்கற் 7’ என்ற ஒரே இருக்கையில் இன்ரெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளின் புறொசெசர்களும் அமர்ந்தன. 2002இலோ இன்ரெலின் பென்ரியம் 4 புறொசெசருக்கு 478 கால்கள் கொண்ட இருக்கையும், ஏ.எம்.டியின் அத்லனுக்கு 462 கால்கள் கொண்ட இருக்கையும் வேண்டியிருந்தன. நினைவகமாகிய றாமிலும் அவ்வாறே: 168 தொடுமுனைகளும் இரண்டு வெட்டுகளும் உடைய எஸ்.டி. றாம் மறைந்துகொண்டிருக்க, 184 முனைகளும் ஒரே வெட்டும் உடைய டி.டி.ஆர். வந்துகொண்டிருந்தது. இன்ரெலின் 845 என்ற சிப்செற்றைக் கொண்ட மதர்போட்டுகளிலே சில முந்திய றாமையும் சில பிந்தியதையும் ஏற்பனவாக இருந்தமையால், பெட்டியின் மேல் எழுதியிருந்த 845 என்ற இலக்கத்தை மாத்திரம் நம்பி றாமை வாங்கியவர் ஏமாந்தார். பென்ரியம் 4 போட்டுகள் பன்னிரண்டு வோல்ற்றுக்கென நான்கு துளைகளுடைய தனிச் செருகியொன்றையும் கேட்டன. பழைய பெட்டியையும் அதன் பவர் சப்ளையையும் வைத்துக்கொண்டு உள்ளுறுப்பை மட்டும் புதுப்பிக்க நினைத்தவர்களின் சிக்கனம் அங்கே தடைப்பட்டு நின்றது.

ஆயினும் முன்னர் சொன்னவாறு, இந்த ஊரிலே தீர்மானத்துக்கு வரவேண்டிய முதற்பாகம் மின்சாரமே. குழாய்த் திரையுடைய பழைய மொனிற்றர் ஒன்று எண்பது, நூறு வாற் வரை இழுக்கும். பெட்டியும் அதனோடு சேர்ந்தால், சிறிய பெற்றோல் ஜெனரேற்றரில் மின்விளக்குகளுக்கும் விசிறிக்கும் மிஞ்சுவது கொஞ்சமே. மின்சாரம் நின்றால் தன் மின்கலத்தைக்கொண்டு கணினியைச் சிறிது நேரம் ஓட்டும் யூ.பி.எஸ். என்ற சாதனத்தை வாங்கினால் கவலை தீருமென்று கருதியவர்களுக்கு இன்னொரு தொல்லை காத்திருந்தது: ஜெனரேற்றர் தரும் மின்சாரத்தின் வோல்ற்றளவும் அதிர்வெண்ணும் பாரத்துக்கேற்ப ஏறி இறங்குவதால், பல யூ.பி.எஸ். சாதனங்கள் அதனை நல்ல மின்சாரமென்று ஒப்புக்கொள்ளாமல் தம் மின்கலத்தையே கரைத்துக்கொண்டு, சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். ஜெனரேற்றர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே கணினி அணைந்துபோகும் அந்த விநோதத்தைக் கண்டு, யூ.பி.எஸ். பழுதென்று கடைக்குக் கொண்டுபோனவர்கள் அநேகர். பிழை எந்தச் சாதனத்திலும் இல்லை, இரண்டுக்கும் இடையிலுள்ள இணக்கத்திலேதான் இருக்கிறது என்று கண்டறிவதற்கு, தனித்தனிப் பாகங்களின் அறிவு போதாது; வீட்டையே ஒரு யந்திரமாக நோக்கும் பார்வை வேண்டும். டைனமோவும் மண்ணெண்ணெய் எஞ்சினும் பழக்கிய கண்களுக்கு அப்பார்வை முன்னரே வாய்த்திருந்தது.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பாகங்களின் கதை இவ்வரலாற்றிலே தனி அத்தியாயமாக எழுதத்தக்கது. பாதை திறந்தபின் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள், தாங்கள் பாவித்து முடித்த கணினியைத் தம்பிக்கென்றோ மருமகனுக்கென்றோ சூட்கேசிலே வைத்துக்கொண்டு வந்தார்கள். இலண்டனிலும் பாரிசிலும் வீட்டு மின்சாரம் நம்முடையதுபோல 230 வோல்ற், கனடாவிலோ 120. அக்காலத்துப் பவர் சப்ளைகளின் பின்புறத்திலே 115 என்றும் 230 என்றும் மாற்றக்கூடிய ஒரு சிறு சிவப்புச் சுவிச்சு இருந்தது. ரொறன்ரோவிலிருந்து 115இல் வந்த பெட்டியை அவ்வாறே நம்முடைய மின்சாரத்திலே செருகினால், உள்ளேயுள்ள இரட்டிக்கும் சுற்று 230 வோல்ற்றை ஏறத்தாழ 650 வோல்ற் நேர்மின்சாரமாக உயர்த்த, ஒவ்வொன்றும் 200 வோல்ற்றையே தாங்கக்கூடிய இரண்டு பெருங் கொள்ளளவிகளும் பெருஞ்சத்தத்துடன் வெடித்துவிடும். அனுப்பியவரின் அன்பும் பெற்றவரின் ஆவலும் ஒரு கணத்திலே புகையாகப் போகும் அந்த விபத்தைத் தடுத்தற்கு, கனடாவிலிருந்து வந்த பெட்டி எதையும் பின்புறம் பாராமல் செருகாதே என்ற எச்சரிக்கை வாய்மொழியாக ஊர்முழுதும் பரவியது. பாரிசிலிருந்து வந்த கீபோட்டுகளிலோ, ஏ இருக்கவேண்டிய இடத்திலே கியூ இருந்தது. அது யந்திரத்துக்குப் பழுதன்றாயினும், தட்டச்சுப் பழகும் பிள்ளைக்குப் பெருந்துன்பமாயிற்று.

2006 ஆகஸ்ட் 11ஆந் திகதி முகமாலையிலே சண்டை மூண்டு ஏ-9 பாதை மூடப்பட்டதும் பாகங்களின் வரவு குன்றியது. கப்பலிலே உணவுக்கே இடம் போதாதிருந்த காலத்திலே கணினிச் சாமானுக்கு இடமேது? பழுதான இரண்டு கணினிகளிலிருந்து ஓடுகிற ஒன்றை ஆக்குவதே அப்போதைய தொழில். அந்த நெருக்கடியோடு வேறொரு கேடும் சேர்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டையொட்டி உலகமெங்கும் செய்யப்பட்ட மதர்போட்டுகள் பலவற்றில் தரங்கெட்ட கொள்ளளவிகள் பொருத்தப்பட்டிருந்தமையால், சில ஆண்டுகளிலே அவற்றின் தலை வீங்கி, திரவம் கசிந்து, போட் இயங்காமற் போயிற்று. வசதியுள்ள நாடுகளிலே அத்தகைய போட்டுகள் குப்பைக்குப் போயின. யாழ்ப்பாணத்திலோ, முப்பது ஆண்டுகளாக வானொலியும் தொலைக்காட்சியும் திருத்திப் பழகிய கைகளுக்குக் கொள்ளளவி மாற்றுவது புதிய வித்தையன்று. கொள்ளளவு ஒத்திருக்க வேண்டும். தாங்கும் வோல்ற் கூடியிருக்கலாம், குறைதல் கூடாது. நேர்முனை எதிர்முனை மாறுதல் ஆகாது. பலபடை கொண்ட போட்டிலே அயனை மிகுநேரம் வைத்தலும் ஆகாது. இந்நான்கையும் அறிந்தவர் கையிலே இறந்த போட் எழுந்தது. சரித்திர ஆசிரியர் எவரும் குறித்துவைக்காத இந்தப் பணி, யுத்தம் முடியும்வரையிலான அந்த மூன்று ஆண்டுகளிலே எத்தனையோ மாணவரின் கல்வியையும் சிறு அச்சகங்களின் பிழைப்பையும் காத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாகங்கள் ஒத்துவந்தபின்னும் தமிழ் ஒத்துவரவேண்டியிருந்தது. ஈழத்துத் தமிழர் கணினியிலே பெரிதும் கையாண்ட ‘பாமினி’ எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய ஒன்று. அதனால் ‘அம்மா’ என்று எழுதிய கோப்பை, பாமினி இல்லாத கணினியிலே திறந்தால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தோன்றும். கணினி பூட்டிக் கொடுக்கும்போதே பாமினியையும் ஏற்றிக் கொடுப்பது ஆகையால் கடமையாயிற்று. மாற்றமுடியாத ஆங்கிலச் சட்டகத்திலே தமிழை இணக்குவித்த சுண்டிக்குளி முத்தையா அவர்களின் பிரச்சினை, இரும்பிலிருந்து எழுத்துருவுக்கு மாறி, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தது. யூனிக்கோட் முறை பரவி, தமிழுக்குரிய விசைப்பலகை அமைப்பை 2008இல் இலங்கை நியமமாக ஏற்றபின்னரும், பாமினியிலே தட்டிப் பழகிய விரல்கள் அதனை விடவில்லை.

யுத்தம் முடிந்து, தேசிய மின்வலை மீண்டும் குடாநாட்டின் சுன்னாகத்தை எட்டியபின், மின்சாரத்தை முதலில் விசாரிக்கும் வழக்கம் மறைந்துவிடும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். 2022இலே அந்த எதிர்பார்ப்புப் பொய்த்தது. அவ்வாண்டு மார்ச் மாத முடிவிலே இலங்கை முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை சில மாதங்களிலே 360 ரூபாவை அண்மியது. கணினிப் பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. கொழும்பிலே அதிர்ச்சியாக வந்த அந்த நிலை, யாழ்ப்பாணத்தில் முதியோர்க்குப் பழகிய பாதை.

இன்று தன் முதற் கணினியைப் பூட்ட முயலும் குடாநாட்டு மாணவருக்கு, இவ்வனுபவத்திலிருந்து எழுகின்ற ஆலோசனைகள் சிலவற்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். கடற்காற்றின் உப்பு தகரத்திலே கறளை உண்டாக்கும். சோளகக் காலத்துப் புழுதி விசிறிகளை அடைக்கும். ஆகையால் வடிவழகுள்ள பெட்டியிலும் பார்க்க, தூசிவலையைக் கழற்றிக் கழுவக்கூடிய பெட்டியே மேலானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமின்னலுக்கு மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவைத்தல் வேண்டும். சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் மெல்லிய மண் படிந்த நிலத்திலே, கோடையில் மண் காய்ந்தபின் நிலத்தொடுப்புச் செவ்வையாக வேலைசெய்கிறதா என்று மின்னியலாளரைக்கொண்டு சோதித்தபின்னரே பவர் சப்ளைக்குப் பணம் செலவிடுதல் நன்று. அப்பவர் சப்ளை பெயர்பெற்ற கம்பெனியினதாக இருத்தலும், அதில் எழுதிய வாற் அளவு மெய்யாகவே கிடைத்தலும் அவசியம். யூ.பி.எஸ். வாங்கும்போது வீட்டு ஜெனரேற்றரோடோ சூரியமின் இன்வேற்றரோடோ அது இணங்குமா என்று கடையிலே கேட்டறிய வேண்டும்.

புறொசெசரைப் பொறுத்தவரையில், இன்ரெலின் 1700 இருக்கையுடைய மதர்போட்டுகளிலே சில டி.டி.ஆர். 4 றாமையும் சில டி.டி.ஆர். 5 றாமையும் ஏற்பன. 845 காலத்துக் குழப்பமே இருபது ஆண்டுகளின் பின் மறுபடியும் வந்திருப்பதால், போட்டின் முழுப்பெயரையும் எழுதிக்கொண்டு றாமை வாங்குதல் நலம். ஏ.எம்.டியின் ஏ.எம். 5 இருக்கை டி.டி.ஆர். 5ஐ மாத்திரமே ஏற்கும். நெடுங்காலம் நிலைத்து, பல தலைமுறைப் புறொசெசர்களை ஒரே போட்டிலே அமர்த்த இடங்கொடுத்த ஏ.எம். 4 இருக்கைக்குப் பாவித்த பாகங்கள் எளிதிற் கிடைப்பதால், சிறு முதலோடு தொடங்குகிறவருக்கு அதுவே உகந்ததென்பது என் அபிப்பிராயம். ஆனால் பழைய ஏ.எம். 4 போட் புதிய புறொசெசரை அறிந்துகொள்ள, அதன் தொடக்க மென்பொருளாகிய பயோஸ் முதலிலே புதுப்பிக்கப்படவேண்டும். பல போட்டுகளிலே அதைப் புதுப்பிப்பதற்கோ, அப்போட்டுக்கு முன்னரே அறிமுகமான ஒரு பழைய புறொசெசர் வேண்டும். ஆகவே, அதற்கென ஒரு பழைய புறொசெசரை எடுத்துவைத்திருக்கும் கடைக்காரரிடமே போட்டை வாங்கி, பயோஸை அங்கேயே புதுப்பித்து, திரையிலே எழுத்துத் தோன்றுவதைக் கண்ணாற் கண்டபின் பெட்டியைக் கட்டுவிப்பது உத்தமம்.